பரோலோ குன்றுகளில் அமைதியான சாலைகள்: மிதிவண்டியில் எந்த வழியாகச் செல்வது?

தனிமிதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் தொடக்கத்தில் பணி நிமித்தமாக மிலான் நகருக்குச் செல்கிறேன். பணி முடிந்தபின் ஐந்து நாட்களை எனக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அந்த ஐந்து நாட்களையும் வடமேற்கு இத்தாலியில், பீட்மாண்ட் பகுதியின் லாங்கே குன்றுகளில் மிதிவண்டியில் கழிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 2014-இல் ஜிரோ தித்தாலியா மிதிவண்டிப் போட்டியின் ஒரு கட்டமாகப் பார்பரெஸ்கோவிலிருந்து பரோலோ வரை 41.9 கிலோமீட்டருக்குத் தனிநபர் நேரப் போட்டி நடந்தது. அன்றுதான் தொலைக்காட்சியில் அந்த நிலத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கொலம்பியாவின் ரிகொபெர்த்தோ உரான் வென்றார் என்பதைவிட, மேலிருந்து காட்டிய திராட்சைக் கொடிகளின் வரிசைகளும், ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் ஒரு கோட்டையோடு நின்ற ஊர்களும்தான் மனத்தில் தங்கிவிட்டன.

எனக்கு வேகம் முக்கியமில்லை. நாளொன்றுக்கு 50 முதல் 70 கிலோமீட்டர் வரை மிதிப்பேன். வாகன இரைச்சல் இல்லாத சாலை வேண்டும் என்பதே என் ஒரே விருப்பம். ஆனால் பரோலோ இன்று உலகப் புகழ் பெற்ற ஒயின் ஊர். அங்கே அப்படிப்பட்ட சாலை மிச்சம் இருக்கிறதா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டூரின்வாசி எழுதியது:

வணக்கம் தனிமிதி. பதினொரு ஆண்டுகளாக டூரினில் வசிக்கிறேன். வார இறுதிகளில் நான் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போகும் இடமே லாங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். லாங்கே என்பது தனித்தனிக் குன்றுகளின் கூட்டம் அன்று. தெற்கிலிருந்து தனாரோ ஆற்றை நோக்கி விரல்களைப் போல் நீண்டு இறங்கும் முகடுகளின் தொகுதி அது. ஊர்கள் பெரும்பாலும் முகட்டின் மேல் இருக்கின்றன. வேகமாகச் செல்ல வேண்டிய வண்டிகள் பள்ளத்தாக்கில் ஓடுகின்றன. ஆல்பாவிலிருந்து கல்லோ என்ற சிற்றூர் வழியாகப் பரோலோவுக்குப் போகும் பள்ளத்தாக்குச் சாலைதான் எல்லா வழிகாட்டிச் செயலிகளும் முதலில் காட்டும் வழி. மேடு குறைவு, தூரமும் குறைவு. ஆனால் லாரிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் ஓயாத சாலை அது. அந்த வழியாகச் சென்றுவிட்டு, லாங்கே இரைச்சலான ஊர் என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் லாங்கேயைப் பார்க்கவே இல்லை என்பேன்.

நீங்கள் முகட்டைப் பிடியுங்கள். ஆல்பா ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தியானோ த'ஆல்பாவுக்கு ஏறுங்கள். அந்த ஏற்றம் முதல் அரை மணி நேரத்திலேயே உங்களை வியர்க்க வைத்துவிடும். ஆனால் மேலே ஏறியபின் மொந்தெலூப்போ, ரொத்தீனோ வழியாக மொன்ஃபோர்தே வரை, ஏற்ற இறக்கம் இருந்தாலும் பள்ளத்தாக்குக்கு இறங்காமலே செல்லலாம். மொன்ஃபோர்தேயிலிருந்து பரோலோவுக்கு இறங்கும்போது பெரிய சாலையை விட்டுவிட்டு, புஸ்ஸியா தோட்டங்களின் நடுவே போகும் குறுகிய சாலையைத் தேர்ந்தெடுங்கள். பரோலோவிலிருந்து லா மோர்ராவுக்கு ஏற்றம் இருநூறு மீட்டருக்குச் சற்று அதிகம். லா மோர்ரா 513 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கும் இரண்டு வழிகள் உண்டு. வெர்ஞே வழியாக வளைந்து ஏறுவது இதமானது. புருனாத்தே தோட்டத்தின் ஊடாக ஏறுவது கடினமானது. சில இடங்களில் நூற்றுக்குப் பத்துக்கும் மேலான சரிவு. ஆனால் அந்த வழியில்தான் 1914-இல் கட்டப்பட்ட ஒரு சிறிய தேவாலயம் இருக்கிறது. அது வழிபாட்டுக்கென்று முறைப்படி அர்ப்பணிக்கப்படவே இல்லை. தோட்ட வேலையாட்கள் ஆலங்கட்டி மழைக்கு ஒதுங்கும் இடமாகவே பயன்பட்டுப் பாழடைந்தது. 1999-இல் சால் லெவிட், டேவிட் டிரெம்லெட் என்ற இரு ஓவியர்கள் அதன் வெளிச்சுவரையும் உட்சுவரையும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணமயமாக்கினார்கள். ஏறிக் களைத்துத் திரும்பும்போது பச்சைக் கொடிகளின் நடுவே அந்த நிறங்கள் திடீரென்று தென்படும்.

லா மோர்ராவிலிருந்து வெர்துனோ, ரொத்தி வழியாக ஆல்பாவுக்குத் திரும்பினால் ஒரு நாள் சுற்று முடியும். மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சமதளம் என்பதே கிடையாது.

டூரினிலிருந்து ஆல்பாவுக்கு நேரடி ரயில் உண்டு. பிராந்திய ரயில்களில் மிதிவண்டிக்கென்று ஒரு துணைச் சீட்டு வாங்கினால் போதும். பிரித்துப் பையில் கட்டினால் அதுவும் தேவையில்லை.

வெண்சாலை எழுதியது:

டூரின்வாசி அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் கேள்வி அமைதியைப் பற்றியது என்பதால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். உண்மையான அமைதி வேண்டுமென்றால் தஸ்கனியில், கியாந்தி குன்றுகளுக்குச் செல்லுங்கள். அங்கே தார் போடாத வெள்ளை மண் சாலைகள் இன்னும் இருக்கின்றன. கார் ஓட்டுபவர்கள் புழுதிக்கும் கல்லுக்கும் அஞ்சி அவற்றைத் தவிர்ப்பதாலேயே அவை நம்முடையவை ஆகின்றன.

அந்தச் சாலைகள் தாமாகத் தப்பிப் பிழைக்கவில்லை. அவற்றையும் தார் விழுங்கிவிடக் கூடாது என்ற எண்ணத்தில்தான் 1997-இல் கயோலே என்ற ஊரில் லெரோய்கா என்ற ஓட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் 92 பேர் கலந்துகொண்டார்கள். இன்றும் பழைய எஃகு மிதிவண்டிகளில், கியர் நெம்புகோல் சட்டத்தின் சாய்குழாயில் இருக்க வேண்டும் என்ற விதிகளோடு அது நடக்கிறது. அந்த ஓட்டத்தில் கலந்துகொள்பவர்கள் விடியும் முன்பே புறப்பட்டு, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே வழியோர விளக்குகளின் வெளிச்சத்தில் புரோலியோ கோட்டைக்கு ஏறும் அந்த மண் சாலையில் நான் சாதாரண நாள் ஒன்றில் போயிருக்கிறேன். என் டயரின் கீழே கல் நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. ஃபிளாரன்ஸிலிருந்து சியன்னாவுக்குப் போகும் 222 எண் சாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அழகான சாலைதான், ஆனால் அந்த அழகை எல்லோரும் அறிந்துவைத்திருக்கிறார்கள்.

முகட்டுவழி எழுதியது:

இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடு இல்லை. தனிமிதிக்கு ஐந்து நாட்கள்தான் இருக்கின்றன. மிலானிலிருந்து தஸ்கனிக்குப் போய்வருவதில் ஒன்றரை நாள் கழிந்துவிடும். அதனால் அவர் லாங்கேயிலேயே இருக்கட்டும். ஆனால் பரோலோவைச் சுற்றிச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது?

2014-இல் லாங்கே, ரொவேரோ, மொன்ஃபெர்ராத்தோ திராட்சை நிலங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு பரோலோ வட்டாரத்துச் சாலைகளில் வாடகைக் கார்கள் பெருகிவிட்டன. அக்டோபரில் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் காளான் திருவிழாவும் தொடங்கிவிடும். திருவிழா நடக்கும் சனி, ஞாயிறுகளில் மலைமேல் இருக்கும் சின்னஞ்சிறு ஊர்களில்கூட வண்டி நிறுத்த இடம் இருக்காது.

ஆகவே தெற்கே, மேல் லாங்கேக்கு ஏறுங்கள். பொஸ்ஸொலாஸ்கோ 750 மீட்டருக்கும் மேல். மொம்பர்காரோ 896 மீட்டர். பரோலோ ஒயினுக்கான நெப்பியோலோ திராட்சை அந்த உயரத்தில் பழுக்காது. அதனால் ஒயின் மாளிகைகள் இல்லை, சுற்றுலாப் பேருந்துகளும் இல்லை. கொடிகள் முடியும் இடத்தில் ஹேசல்நட் தோப்புகள் தொடங்கும். அதற்கும் மேலே மேய்ச்சல் நிலமும் காடும்தான். முரட்சானோ என்ற ஊரின் ஆட்டுப் பாற்கட்டி நாடெங்கும் அறியப்பட்டது. அதை ஊரிலேயே வாங்கி, ரொட்டியில் வைத்து, தேவாலயப் படிக்கட்டில் அமர்ந்து சாப்பிட்ட மதியவேளையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டே இரண்டு வாகனங்கள் கடந்தன. ஒன்று டிராக்டர், மற்றொன்று தபால்காரரின் வண்டி.

டூரின்வாசி எழுதியது:

மேல் லாங்கேயின் அருமையை மறுக்கவில்லை. ஆனால் தனிமிதி கேட்டது ஒயின் நாட்டின் அமைதியை. கொடியே இல்லாத காட்டுக்கு அனுப்பிவிட்டு, அமைதியாக இருக்கிறதா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவர் வரும் நாட்களில் நெப்பியோலோ அறுவடை நடந்துகொண்டிருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். தொல்ச்செத்தோ என்ற திராட்சை வகை செப்டம்பரிலேயே முடிந்துவிடும், பிறகு பார்பேரா, கடைசியில்தான் நெப்பியோலோ. சரிவு மிகுந்த தோட்டங்கள் என்பதால் பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள். அந்தக் காட்சி ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே கிடைப்பது. அதை விட்டுவிட்டு வேறு எங்கே போவது?

அமைதி இடத்தில் மட்டும் இல்லை, நாளிலும் பொழுதிலும் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் முகட்டுவழி சொல்வதுபோல் தெற்கே போய்விடுங்கள். வார நாட்களில் பரோலோ பக்கம் வாருங்கள். காலை எட்டு மணிக்குள் முகட்டில் இருங்கள். பத்தரை மணிக்கு மேல்தான் பார்வையாளர்கள் வரத் தொடங்குவார்கள். அதேபோல் மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை இத்தாலியர்கள் அனைவரும் சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் சாலை முழுவதும் உங்களுடையது. ஆனால் இரண்டரை மணிக்குப் போனால் உணவகங்களில் சமையலறை மூடியிருக்கும் என்பதால் கையில் ஏதாவது வைத்திருங்கள்.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். இலையுதிர் காலம் வேட்டைப் பருவம். காட்டுப்பன்றிக்கும் பறவைக்கும் துப்பாக்கியோடு குன்றுகளில் ஆட்கள் இருப்பார்கள். செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் இத்தாலி முழுவதும் சட்டப்படி வேட்டை கிடையாது. அதை 'வேட்டை மௌனம்' என்றே அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். காட்டு ஓரமாகப் போகும் சாலைகளை அந்த இரு நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கொடிமுந்திரி எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எனக்கும் ஆசை பிறந்துவிட்டது. எனக்கு வயது ஐம்பத்தெட்டு; முழங்கால் வலி உண்டு. நூற்றுக்குப் பத்துச் சரிவு என்பது என்னால் இயலாத காரியம். மின்னுதவி மிதிவண்டியை எடுத்தால் இந்தச் சாலைகளில் போக முடியுமா? நான் சைவ உணவு உண்பவள் என்பதால் சாப்பாடு பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

முகட்டுவழி எழுதியது:

தாராளமாகப் போகலாம் அக்கா. ஆல்பாவில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் மின்னுதவி நின்றுவிடும். அதற்கு மேல் உங்கள் காலின் வலுவில்தான் ஓட வேண்டும். ஏற்றத்தில் அந்த வேகத்தை யாரும் தொடுவதில்லை என்பதால் அது ஒரு குறையே அன்று. மின்கலத்தை மட்டும் கவனித்துச் செலவழியுங்கள். காலையிலேயே உச்சபட்ச உதவியில் வைத்துவிட்டால், மாலையில் கடைசி ஏற்றத்தின் அடியில் அது தீர்ந்துபோகும். இருபது கிலோவுக்கும் மேலான வண்டியை வெறும் காலால் மிதிப்பது எத்தனை துன்பம் என்பதை என் மனைவி அறிவாள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, தயாரின் என்ற மெல்லிய நூல்போன்ற பாஸ்தாவை வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மாவில் முட்டை மஞ்சள்கரு நிறையச் சேர்ப்பார்கள். முட்டை உண்ணாதவர் என்றால் அது ஆகாது. 'பிளின்' என்று கிள்ளி மடித்த சிறு பொட்டலங்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உள்ளே பெரும்பாலும் இறைச்சிதான். பாற்கட்டி வகைகள், காளான், ஹேசல்நட் கேக் ஆகியவற்றுக்குக் குறைவே இல்லை.

வெண்சாலை எழுதியது:

தஸ்கனி வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டதால் நானும் பீட்மாண்டுக்கே வருகிறேன். தனிமிதி, ஒரு நாளையாவது கிழக்கே தொர்த்தோனா குன்றுகளுக்குக் கொடுங்கள். காஸ்தெல்லானியா என்ற சிற்றூரில்தான் ஃபவுஸ்தோ கோப்பி 1919-இல் பிறந்தார். ஜிரோவை ஐந்து முறையும் டூர் டி பிரான்ஸை 1949, 1952 என இரு முறையும் வென்றவர். 1960 ஜனவரி 2 அன்று, நாற்பது வயதில் மலேரியாவால் இறந்தார். அவரும், அவருக்கு முன்பே 1951-இல் பந்தய விபத்தில் இறந்த தம்பி செர்சேயும் அந்த ஊரிலேயே அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நூறு பேர்கூட இல்லாத ஊர் அது. 2019-இல் ஊரின் பெயரையே காஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றிவிட்டார்கள். சுற்றிலும் திமொராஸ்ஸோ என்ற வெள்ளைத் திராட்சைத் தோட்டங்கள். ஆல்பாவைப் போல் அங்கே கூட்டம் வருவதில்லை. மிதிவண்டியை நேசிக்கிற யாரும் அந்தக் கல்லறையின் முன் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள்.

தனிமிதி எழுதியது:

இத்தனை விரிவான மறுமொழிகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. செவ்வாய் அன்று பரோலோ முகடு, புதன் அன்று காஸ்தெல்லானியா, வார இறுதியில் மேல் லாங்கே என்று முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஓர் ஐயம். என் வண்டியின் கியரில் முன்பக்கம் 34 பல் கொண்ட சிறிய பற்சக்கரமும், பின்பக்கம் அதிகபட்சம் 25 பல்லும் இருக்கின்றன. இது போதுமா? ஒயின் சுவைத்துவிட்டு மிதிப்பது பற்றியும் சொல்லுங்கள்.

டூரின்வாசி எழுதியது:

போதாது. பின்பக்கம் 34 பல் வரை மாற்றிக்கொள்ளுங்கள். பின்பக்கம் சங்கிலியை நகர்த்தும் கியர் மாற்றியும் அதற்கு ஈடுகொடுக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் 34 இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவீர்கள். 25 பல்லோடு அதே சுற்றில் ஏற வேண்டுமென்றால் பத்துக்கும் மேல் வேகம் வேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவில் அது நம்மைப் போன்றவர்களுக்கு நெடுநேரம் இயலாது. டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

ஒயினைப் பொறுத்தவரை, பகலில் தொடாதீர்கள். லிட்டருக்கு 0.5 கிராம் என்ற இரத்த மது வரம்பு மிதிவண்டிக்கும் பொருந்தும். அதைவிட முக்கியமாக, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முழு நிதானம் வேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் முன்கூட்டியே நேரம் பதிவு செய்தால்தான் சுவைக்கத் தருவார்கள். மாலை ஐந்து மணிக்கு, தங்கும் விடுதிக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். பரோலோ என்ற பெயரைப் பெற அந்த ஒயின் குறைந்தது 38 மாதங்கள் காத்திருக்கிறது, அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில். நீங்கள் மாலை வரை காத்திருப்பதில் தவறில்லை.

பொழுது சாய்ந்தபின் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளி திருப்பும் மேற்சட்டை அணிவது சட்டப்படி கட்டாயம். அக்டோபரில் ஏழு மணிக்கே இருட்டிவிடும்.

தனிமிதி எழுதியது:

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. வழி சொன்னவர்களுக்கு விவரம் சொல்வது கடமை என்பதால் எழுதுகிறேன்.

செவ்வாய் காலை ஏழரைக்கு ஆல்பாவிலிருந்து புறப்பட்டபோது பனிமூட்டம் பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. விளக்கை எரியவிட்டு, தியானோ ஏற்றத்தில் சிறிய கியரில் மெல்ல ஏறினேன். கைப்பிடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. நெப்பியோலோ என்ற பெயரே 'நெபியா' என்ற அவர்களுடைய மூடுபனிச் சொல்லிலிருந்து வந்தது என்று பலரும் சொல்வார்கள். அன்று அதை நம்பாமல் இருக்க முடியவில்லை. ஏதோ ஒரு வளைவில், இரண்டு மூன்று மிதிகளுக்குள், மூட்டம் எனக்குக் கீழே போய்விட்டது. மேற்கே ஆல்ப்ஸ் மலைகளின் வளைவு முழுவதும் புதுப்பனியோடு நின்றது. நடுவில் 3,841 மீட்டர் உயர மொன்விசோவின் கூம்பு. கீழே பள்ளத்தாக்கு எங்கும் வெண்பஞ்சு. அதன் மேல் லா மோர்ரா முகடு மட்டும் ஒரு தீவுபோல் தெரிந்தது. பத்து நிமிடம் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன். ஒரு வாகனமும் வரவில்லை.

ரொத்தீனோவைக் கடக்கும் வரை என்னைக் கடந்த வண்டிகள் மொத்தம் ஐந்து. ஐந்தும் நன்றாக விலகியே கடந்தன. புஸ்ஸியா இறக்கத்தில் ஒரு விஷயத்தில் நான் தவறினேன். பின்னால் வருபவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவடைக் காலத்தில் தோட்டத்திலிருந்து ஏறும் டிராக்டர்களின் சக்கரங்கள் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண்ணைச் சாலையில் அப்பிவிட்டுப் போகின்றன. காய்ந்திருந்தால் வெறும் கட்டி. பனி ஈரம் பட்டால் சோப்பு. நிழலில் இருந்த ஒரு வளைவில் முன்சக்கரம் அரை அடி விலகியது. பிரேக்கை விட்டுவிட்டதால் விழாமல் தப்பினேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதீர்கள்.

அந்த இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் அதைக் கேட்டேன். கொடிகளுக்குள்ளிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, கிளிக் கிளிக் என்று ஓசை வந்துகொண்டிருந்தது. முதலில் என் பின்சக்கரத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். பிறகுதான் இலைகளுக்கு இடையே கைகள் தெரிந்தன. ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று குலைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். குலைகள் கருநீலத்தில், மேலே சாம்பல் பூத்து இருந்தன. சிவப்புக் கூடை நிறைந்ததும் ஒரு பெண் அதை வரிசையின் முனைக்குத் தூக்கி வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு சிறு கொத்தைக் கிள்ளிக் கையில் வைத்தார். தோல் தடித்து, விதை பெரிதாக, முதலில் தேன்போல் இனித்து, பிறகு நாக்கை இறுக்கிப் பிடித்தது. முப்பது அடி தூரத்திலிருந்து கத்தரிக்கோலின் ஓசை கேட்கும் அளவுக்கு அந்தச் சாலை அமைதியாக இருந்தது. வெண்சாலை சொன்ன கல் நொறுங்கும் சத்தத்துக்கு என்னால் தர முடிந்த பதில் அதுதான்.

வார இறுதியில் முகட்டுவழி சொன்ன பொஸ்ஸொலாஸ்கோவுக்கும் முரட்சானோவுக்கும் போனேன். அவர் சொன்னதுபோலவே ஆள் நடமாட்டம் குறைவு. ஆனால் காற்று அதிகம், ஏற்றமும் நீளம். டூரின்வாசி சொன்னபடி 34 பல் இல்லாமல் மொம்பர்காரோவைப் பார்த்திருக்க மாட்டேன். காஸ்தெல்லானியாவில் மழை. கல்லறையின் அருகே நான் ஒருவன்தான் இருந்தேன்.

கொடிமுந்திரி அக்கா, நீங்கள் போவதானால் பரோலோவிலிருந்து வெர்ஞே வழியாகவே லா மோர்ராவுக்கு ஏறுங்கள். புருனாத்தே வழி வேண்டாம். தேவாலயத்தை லா மோர்ராவிலிருந்து நடந்து இறங்கியும் பார்த்துவிடலாம்.

கொடிமுந்திரி எழுதியது:

மிக்க நன்றி தம்பி. ஏப்ரல் கடைசி வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். அப்போது கொடிகள் தளிர்விட்டிருக்குமா, வெறும் தண்டாக நிற்குமா என்பதை மட்டும் டூரின்வாசி சொல்ல வேண்டும்.

டூரின்வாசி எழுதியது:

தளிர்விட்டிருக்கும் அக்கா. நெப்பியோலோ கடைசியாகப் பழுத்தாலும் முதலில் துளிர்ப்பது அதுதான். ஒரு சாண் நீளத்துக்கு இளம்பச்சைத் தளிர்கள் கம்பியைப் பிடிக்கத் தொடங்கியிருக்கும். காலையில் குளிரும், கையுறை எடுத்து வாருங்கள்.